பதிவும் நம்பிக்கையும்: பிலிப்பைன்ஸ் தொன்மங்களைக் கற்கும் முறை குறித்த ஒரு கருத்துரை

ஆய்வுச்சுருக்கம்

பிலிப்பைன்ஸ் நாட்டின் தொன்மங்களும் நாட்டார் நம்பிக்கைகளும் இன்று பெரும்பாலும் ஒரே தெய்வக் குடும்பமாகவும் ஒரே பேய்ப்பட்டியலாகவும் அறிமுகப்படுத்தப்படுகின்றன. அவ்வொருமை மக்கள் வழக்கிலிருந்து எழுந்ததைவிடப் பதிவுசெய்தோரின் நோக்கங்களிலிருந்து எழுந்தது மிகுதி என்பது இக்கட்டுரையின் கருத்து. ஸ்பானியக் குருமாரின் குறிப்புகள், போலி ஏடுகள், அஸ்வாங் நம்பிக்கையின் பயன்பாடு, மரானாவ் இராமகதை ஆகியவற்றை முன்வைத்து, தமிழில் ஒப்பியல் நாட்டார் வழக்காற்றியல் மேற்கொள்வோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் சில இங்கு வலியுறுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பிலிப்பைன்ஸ், தொன்மம், அஸ்வாங், பாபாய்லான், மூலத் திறனாய்வு, ஒப்பியல்

1. முன்னுரை

பிலிப்பைன்ஸ் 7,641 தீவுகளைக் கொண்ட நாடு. அங்கு நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. வடக்கே லூசோன் மலைகளில் படிக்கட்டு வயல் அமைத்து நெல் விளைவிக்கும் இஃபுகாவ் மக்கள், நடுப்பகுதித் தீவுகளில் வாழும் விசாயா மக்கள், தெற்கே மிந்தனாவோ தீவின் ஏரிக்கரையில் இசுலாத்தைத் தழுவி வாழும் மரானாவ் மக்கள் எனப் பல இனத்தார் தத்தம் கதைகளையும் சடங்குகளையும் உடையவர்கள். இவர்கள் அனைவரையும் ஒரே அரசின் கீழ்க் கொணர்ந்தது குடியேற்ற ஆட்சி. நாட்டின் பெயரே ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் பெயரால் அமைந்தது.

அவ்வாறாயின், ‘பிலிப்பைன்ஸ் தொன்மவியல்’ என்று ஒருமையில் கூறும்போது நாம் எதனைக் குறிக்கிறோம்? இவ்வினா சொல்லாட்சி பற்றியது மட்டுமன்று. ஒரு நம்பிக்கையை யார், எக்காலத்தில், எம்மொழியில், எந்நோக்கில் பதிவுசெய்தார் என்று வினவாத ஆய்வு, பதிவுசெய்தவரின் கருத்தையே மக்களின் கருத்தாக ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு ஆளாகிறது. பிலிப்பைன்ஸ் சான்றுகள் இவ்விடரைத் தெளிவுறக் காட்டுகின்றன. அந்நாட்டில் இதன் விளைவு நூலளவில் நின்றுவிடவில்லை. உயிருள்ள மனிதரையும் தொட்டது.

2. பட்டியலாக்கப்பட்ட தெய்வங்கள்

பொது அறிமுக நூல்கள் பலவற்றில் பாத்தலா என்னும் படைப்புக்கடவுள் தலைமையில் ஒரு தெய்வக் குடும்பம் காட்டப்படுகிறது. மயாரி நிலவுக்கும், தாலா விண்மீனுக்கும் உரியோராய், பாத்தலாவுக்கு மானிடப் பெண்ணிடம் பிறந்த மகளிராகக் கூறப்படுகின்றனர். இவ்வமைப்பு பரவலாக அறியப்படுவதற்கு மானிடவியலாளர் எஃப். லாண்டா ஹோகானோ 1969இல் வெளியிட்ட தொன்மச் சுருக்க நூல் முக்கியக் காரணம்.

இதனைப் பழைய பதிவோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். பிரான்சிஸ்கன் சபைக் குரு ஹுவான் டி பிளாசென்சியா 1589இல் தகலாக் மக்களின் வழக்கங்களைக் குறித்து எழுதினார். அதில் பாத்தலாவின் பெயர் உண்டு. ஞாயிற்றையும் பிறைநிலவையும் மக்கள் வணங்கினர் என்ற செய்தி உண்டு. தாலா என்பது அங்கு விடிவெள்ளியின் பெயர்; பாத்தலாவின் மகள் என்னும் உறவு அக்குறிப்பில் இல்லை. லக்கபாத்தி, இடியனாலே, தியான் மசலந்தா முதலிய பெயர்கள் வருகின்றன. அவர்களை ஒரு குடும்பமாக இணைக்கும் கதை அங்குக் காணப்படவில்லை.

இதனால் ஹோகானோ தந்த கதை பொய் என்று கூறுவது தவறு. முந்நூற்றெண்பது ஆண்டுகளில் வாய்மொழி வழக்கு வளர்ந்திருக்கலாம். வேறு ஊர்களில் வேறு வழக்கு இருந்திருக்கலாம். ஆனால் 1969இல் அச்சேறிய ஒரு கதையை ஸ்பானியர் வருகைக்கு முற்பட்ட சமயத்தின் அமைப்பாகக் கொள்வதற்குச் சான்று போதாது. கிரேக்க, உரோமானியத் தெய்வ வரிசைகளை ஒத்த அமைப்பு ஒவ்வொரு நாட்டுக்கும் இருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பே பல வேளைகளில் இவ்விடைவெளியை நிரப்பிவிடுகிறது. இடைவெளியை இடைவெளியாகவே காட்டுவது ஆய்வாளரின் கடமை.

3. குருமாரின் வகைப்பாடு

பிளாசென்சியாவின் குறிப்பில் மிகுதியும் கருதத்தக்க பகுதி அவர் தரும் பன்னிரு வகையினரின் பட்டியலாகும். அவர்களை அவர் சாத்தானின் பூசாரிகள் என ஒரே தலைப்பின்கீழ்த் தொகுக்கிறார். முதலில் நிற்பவர் ‘காத்தலோனான்’; தகலாக் மக்களிடையே பலியும் விழாவும் நடத்திய சடங்குத் தலைவர், பெரும்பாலும் பெண். விசாயா பகுதியில் இப்பணியைச் செய்தவர் ‘பாபாய்லான்’ எனப்பட்டார். அதே பட்டியலில் காதல் மருந்து செய்பவரும், வருவது உரைப்பவரும், பெண்மை இயல்புடைய ஆடவரும் இடம்பெறுகின்றனர். எட்டாவதாக வருவது ‘ஒசுவாங்’. பறக்கும், மனிதரைக் கொன்று ஊன் தின்னும் என்று மக்கள் கூறுவதாக அவர் எழுதுகிறார். இன்று ‘அஸ்வாங்’ என்று வழங்கும் சொல் இதுவே.

இங்கு இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. ஒன்று, வழிபாட்டுத் தலைவியும் ஊன் தின்னும் உருவும் ஒரே வகைக்குள் அடங்குவது மக்களின் பாகுபாடு அன்று. சமய மாற்றத்தைக் கடமையாகக் கொண்ட குருவின் பாகுபாடு. நோய் தீர்த்தவர், அறுவடைச் சடங்கு நடத்தியவர், இறந்தோர் ஆவியோடு பேசியவர் ஆகிய அனைவரும் அவர் நோக்கில் ஒரே எதிரியின் பணியாளர். மற்றொன்று, அஸ்வாங் பற்றிய பேச்சு விசாயா தீவுகளுக்கு உரியது என்றும் தகலாக் மக்களிடையே அது இல்லை என்றும் அவரே வரையறுக்கிறார். வட்டார எல்லை குறித்த இக்கவனம் பிற்காலத் தொகுப்புகள் பலவற்றில் மறைந்துபோயிற்று.

பாபாய்லான்கள் ஒடுக்கப்பட்டனர் என்பது வரலாறு. 1621இல் போஹோல் தீவில் தம்புலோட் என்னும் பாபாய்லானின் தலைமையில் எழுந்த கிளர்ச்சி படைகொண்டு அடக்கப்பட்டது. இதனை அடிப்படையாக்கி, அஸ்வாங் என்னும் கருத்தே பாபாய்லான்களை இழிவுபடுத்த ஸ்பானியர் புனைந்தது என்று இன்று சிலர் வாதிடுகின்றனர். இவ்வாதத்தின் அறச்சார்பு மதிக்கத்தக்கது. ஆயினும் சான்று அதற்கு இசையவில்லை. பிளாசென்சியாவின் அதே பட்டியலில் ‘மக்தத்தங்கல்’ என்னும் வகை உண்டு. இரவில் தலையை உடலிலிருந்து பிரித்துக்கொண்டு திரிந்து விடியலில் மீண்டும் பொருத்திக்கொள்ளும் உரு அது. பிரித்தல் என்னும் பொருளுடைய ‘தங்கல்’ என்னும் வேர்ச்சொல்லே இதில் உள்ளது. மலாய் மக்களின் ‘பெனங்கலான்’ என்னும் உருவின் பெயரும் இவ்வேரிலிருந்தே பிறந்தது. அதுவும் தலையும் குடலுமாகப் பிரிந்து பறப்பது. ஸ்பானிய ஆட்சி எட்டாத மலாய் உலகிலும் வழங்கும் ஒரு நம்பிக்கையை ஸ்பானியரின் புனைவு என்று கூறல் இயலாது.

குருமார் இந்நம்பிக்கையைப் படைக்கவில்லை; அதன் இடத்தை மாற்றினர். ஊரில் ஒருபுறம் அஞ்சப்பட்ட உருவும் மறுபுறம் மதிக்கப்பட்ட பெண்ணும் இருந்த இடத்தில், இரண்டையும் ஒரே பெயரால் சுட்டும் வகைப்பாட்டை அவர்கள் தந்தனர். உருவங்களும் மாறாதிருக்கவில்லை. 1589இல் தலை பிரிந்தது. இன்று ‘மனனாங்கல்’ என வழங்கும் உரு இடுப்போடு பிரிந்து, சிறகு விரித்து, நூல்போன்ற நாவினால் கருவுற்ற பெண்ணின் கருவை உறிஞ்சுவதாகக் கூறப்படுகிறது. இம்மாற்றத்தின் வரலாற்றைத் தேடுவதே பயனுள்ள ஆய்வுப்பொருள்.

4. போலி ஏடும் உண்மை விளைவும்

குடியேற்றப் பதிவுகளின் சார்பை உணர்ந்த உள்நாட்டு அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமே தொகுக்க முற்பட்டனர். இலோகானோ இனத்தவரான இசபெலோ டி லோஸ் ரேயஸ் பிலிப்பைன்ஸ் நாட்டார் வழக்காறுகள் பற்றிய தம் நூலை 1889இல் மணிலாவில் வெளியிட்டார். தம் தாயும் கவிஞருமான லியோனா புளோரெந்தினாவின் பாடல்களையும் அதில் சேர்த்தார். நாட்டார் வழக்காறு என்பது கடந்துபோன பழமை மட்டுமன்று, தம் காலத்து மக்களின் அறிவும் ஆகும் என்று அவர் கொண்டார். மறு ஆண்டில் ஹோசே ரிசால், மக்கிலிங் மலையைக் காக்கும் பெண் பற்றிய கதையைச் சீர்திருத்தவாதிகளின் இதழான ‘லா சொலிதாரிதாத்’தில் எழுதினார்.

இத்தொடக்கத்தின் மறுபுறத்தையும் நோக்க வேண்டும். நாட்டுக்குத் தொன்மை வேண்டும் என்ற வேட்கை போலிக்கும் இடங்கொடுத்தது. நெக்ரோஸ் தீவைச் சேர்ந்த ஹோசே மார்கோ என்பவர் 1914இல் பழைய ஏடுகள் எனச் சிலவற்றை அரசு நூலகத்துக்கு வழங்கினார். பவோன் என்னும் குரு 1838–39இல் எழுதியதாகக் கூறப்பட்ட அவ்வேடுகளில் 1433ஆம் ஆண்டுக்குரிய ‘கலந்தியாவ் சட்டம்’ இடம்பெற்றிருந்தது. வில்லியம் ஹென்றி ஸ்காட் தம் முனைவர் பட்ட ஆய்வில் இவ்வேடுகள் போலி என்பதை 1968இல் நிறுவினார். அதற்குள் அரை நூற்றாண்டாகப் பாடநூல்கள் அதனை வரலாறாகக் கற்பித்திருந்தன. ஸ்காட்டின் முடிவு வெளிவந்த பின்னரும், 1971இல் கலந்தியாவ் பெயரால் அரசு விருது ஒன்று நிறுவப்பட்டது.

சட்ட வரலாற்றோடு நில்லாமல் தொன்ம ஆய்வையும் இது தொடுகிறது. அதே பவோன் ஏடுகளில் நெக்ரோஸ் மக்களின் கதைகளும் மூடநம்பிக்கைகளும் எனப் பல செய்திகள் உள்ளன. சட்டம் போலி என்று ஒதுக்கியவர்கள் அவ்வேட்டின் பிற பகுதிகளையும் அவ்வாறே ஒதுக்க வேண்டும். சான்று காட்டாது ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குச் செய்திகள் பெயரும் சூழலில், எது ஏட்டுப் போலி, எது ஊர் வழக்கு எனப் பிரித்தறிவது மேன்மேலும் அரிதாகிறது. நாட்டுப்பற்று மூலத் திறனாய்வுக்கு மாற்றாகாது என்பதே ஸ்காட்டின் ஆய்வு தரும் பாடம்.

5. அஸ்வாங்: நம்பிக்கையின் விலை

தொன்ம ஆய்வில் பிழை நேர்ந்தால் யாருக்கு என்ன இழப்பு என்று வினவலாம். அஸ்வாங் நம்பிக்கையின் அண்மைக்கால வரலாறு அதற்கு விடை தருகிறது.

1950களின் தொடக்கத்தில் லூசோனில் ஹுக் கிளர்ச்சியாளரை ஒடுக்கும் பணியில் பிலிப்பைன்ஸ் அரசுக்குத் துணைநின்ற அமெரிக்க அதிகாரி எட்வர்ட் லான்ஸ்டேல், ஒரு நிகழ்வைத் தம் நினைவுக்குறிப்பு நூலில் பதிவுசெய்துள்ளார். கிளர்ச்சியாளர் தங்கிய குன்றில் அஸ்வாங் உலவுவதாக முதலில் வதந்தி பரப்பப்பட்டது. பின்னர் உளவியல் போர்ப்பிரிவினர் இரவில் சென்ற கிளர்ச்சிக் குழுவின் கடைசி ஆளைப் பிடித்து, கழுத்தில் இரு துளையிட்டு, இரத்தத்தை வடித்து, உடலைப் பாதையிலேயே இட்டுச்சென்றனர். கிளர்ச்சியாளர் அக்குன்றைவிட்டு அகன்றனர் என்கிறார் அவர்.

கழுத்தில் இரு துளை என்னும் அடையாளம் இங்கு உற்றுநோக்கத்தக்கது. அஸ்வாங் என்பது ஒரே உரு அன்று. மாக்சிமோ ராமோஸ் இரத்தம் உறிஞ்சுவது, உள்ளுறுப்பு உறிஞ்சுவது, விலங்காக மாறி மனிதரைத் தின்பது, கண்ணேறும் சூனியமும் செய்வது, பிணம் தின்பது என அதனை ஐந்து வகையாகப் பிரித்தார். மக்கள் வழக்கில் பெரிதும் பேசப்படுவது நாவினால் உறிஞ்சும் வகை. இரட்டைப் பல் தடமோ ஐரோப்பியக் காட்டேரிக் கதைகளையும் திரைப்படங்களையும் நினைவூட்டுவது. உள்ளூர் நம்பிக்கையைப் பயன்படுத்துவதாகக் கருதியவர்கள், தாம் அறிந்த கதையின் அடையாளத்தையே ஒரு மனிதன் உடலில் பொறித்தனர் எனத் தோன்றுகிறது. பதிவாளரின் கற்பனை பொருளின்மேல் ஏறுவதற்கு இதனினும் கொடிய சான்று அரிது.

மற்றொரு சான்று பனாய் தீவின் காப்பிஸ் மாகாணம். அஸ்வாங்கின் தாயகம் என்று நாடெங்கும் பெயர்பெற்ற பகுதி அது. உடல் தசைகள் தம்வயமின்றி முறுக்கிக்கொள்ளும் பரம்பரை நோய் ஒன்று, உலகிலேயே அத்தீவில்தான் செறிந்து காணப்படுகிறது. ‘லூபாக்’ என்று வட்டார மொழியில் வழங்கும் இந்நோயை 1970கள் முதல் மருத்துவ உலகம் ஆராய்ந்துவருகிறது. முறுக்கும் உடலும் கட்டுப்பாடின்றி நீளும் நாவும் அஸ்வாங் என்ற பெயருக்குக் காரணமாயிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதினர். இவ்விளக்கத்தையும் அப்படியே ஏற்க இயலவில்லை. அந்நோய் பெரும்பாலும் ஆடவரையே தாக்குவது. அஸ்வாங் எனச் சுட்டப்படுவோரோ பெரும்பாலும் பெண்டிர். நோய் நம்பிக்கையைத் தோற்றுவித்தது என்பதைவிட, முன்பே இருந்த நம்பிக்கை நோயுற்றோர் மீதும் ஏறியது என்பதே பொருத்தமாகப் படுகிறது. எவ்வாறாயினும், ‘காப்பிஸ் அஸ்வாங்’ என்று சுவைபட எழுதும் ஒவ்வொரு தொகுப்பும் அப்பகுதி மக்கள் சுமக்கும் பெயரை மீண்டும் அவர்கள் மேல் ஏற்றுகிறது.

6. கடன்சொல்லும் கதையும்

இந்திய மொழிகளைக் கற்றோர் பிலிப்பைன்ஸ் சொற்களைக் கண்டவுடன் மகிழ்ச்சியுறுவது இயல்பு. ‘திவாத்தா’ என்பது வடமொழி ‘தேவதா’. ‘பாத்தலா’ என்பது ‘பட்டாரக’ என்பதோடு உறவுடைய ‘பட்டார’. நம் கல்வெட்டுகளில் ‘படாரர்’, ‘பட்டாரகர்’ எனக் கடவுளைக் குறிக்க வழங்கும் சொல்லும் இதுவே. ஆனால் ஒரே வடமொழிச் சொல் இரு நாடுகளை அடைந்தது என்பதற்கு மேல் இதிலிருந்து எதுவும் பெறப்படாது. லகுனாப் பகுதியில் கிடைத்த செப்பேடு இதற்கு ஒரு வழிகாட்டி. சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900ஐச் சார்ந்த அவ்வேடு ஒருவரது கடன் தீர்ந்ததைக் கூறுகிறது. அதன் எழுத்து காவி. மொழி பழைய மலாய். வடமொழிச் சொற்களும் சாவகச் சொற்களும் கலந்தது. இந்தியச் சொற்கள் மலாய், சாவக உலகின் வழியே சென்றன என்பது இதனால் புலனாகும்.

சொல் சென்ற இடத்துக்கெல்லாம் கருத்தும் சென்றது என்று கொள்வதும் தவறு. திங்கள் மறைப்பை நோக்குவோம். தகலாக் மொழியில் நிலவை விழுங்குவது ‘லாஹோ’. இது ‘இராகு’ என்பதன் திரிபு. அண்டைய விசாயா வழக்கில் நிலவை விழுங்குவது ‘பக்குனாவா’ என்னும் பெரும்பாம்பு. அது உள்நாட்டுச் சொல். நிலவை விடுவிக்க ஓசை எழுப்பும் வழக்கமும் அங்கு உண்டு. ஒரே நிகழ்வை விளக்கும் ஒத்த நம்பிக்கை ஓரிடத்தில் கடன்பெயரோடும் மற்றோரிடத்தில் சொந்தப் பெயரோடும் நிற்கிறது. கடன்பெயர் மட்டும் கிடைத்திருந்தால் நம்பிக்கையையே இறக்குமதி என்று நாம் முடிவுகட்டியிருப்போம்.

ஒப்பீட்டுக்கு நல்ல முன்மாதிரியும் அந்நாட்டிலேயே உண்டு. வடமொழி அறிஞர் ஹுவான் பிரான்சிஸ்கோ 1960களின் இறுதியில் மரானாவ் மக்களிடையே ‘மகாராதியா லவானா’ என்னும் கதையைக் கண்டறிந்து வெளியிட்டார். இலங்கை வேந்தன் இராவணன் அங்கு எட்டுத்தலையுடைய லவானா. தீச்செயல்களுக்காகப் பெற்றோரால் தீவுக்கு அனுப்பப்பட்ட அவனுக்காக வானவர் தூதர் கபிரியேல் அல்லாவிடம் பரிந்துரைக்கிறார். இளவரசியை மணக்க நடக்கும் போட்டி வில்லொடித்தல் அன்று; பிரம்புப் பந்தை உதைக்கும் ‘சிபா’ ஆட்டம். குரங்கு வீரனின் பெயர் லக்சமனா. இவற்றை வால்மீகியிலிருந்தோ கம்பரிலிருந்தோ விலகிய பிழைகளாக எண்ணிப் பட்டியலிடுவது எளிது. நம் ஒப்பியல் கட்டுரைகள் பலவும் அவ்வாறே செய்கின்றன. இசுலாமியச் சமூகம் ஒன்று இக்கதையைத் தன் அறத்துக்கும் விளையாட்டுக்கும் மலாய்த் தொடர்புக்கும் ஏற்ப எவ்வாறு தனதாக்கிக்கொண்டது என்பதே மெய்யான வினா.

7. தமிழில் எழுதுவோர் கருத வேண்டியவை

இப்பொருளைத் தமிழில் எழுதுவோர்க்கு மூன்று நெறிகள் இன்றியமையாதன எனக் கருதுகிறேன்.

முதலாவது, ஒவ்வொரு தொன்மத்தோடும் அதன் மக்கள், மொழி, பதிவாளர், ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்தே கூறுதல். ‘பிலிப்பைன்ஸ் மக்கள் நம்புகின்றனர்’ என்னும் தொடரைத் தவிர்த்து, ‘விசாயா மக்களிடையே’, ‘இஃபுகாவ் மக்களிடையே’ என எழுதுதல் வேண்டும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பில் கவனம். ‘அஸ்வாங்’ என்பதைப் ‘பேய்’ என்று பெயர்க்கும் வழக்கம் பொருளைக் கெடுக்கிறது. நம் வழக்கில் பேய் பெரும்பாலும் இறந்தோரின் ஆவி. அஸ்வாங்கோ பகலில் அண்டை வீட்டாராக வாழும் உயிருள்ள மனிதர். அச்சத்தின் ஊற்றே அதுதான். ‘திவாத்தா’வைத் ‘தேவதை’ என்று பெயர்த்தால் இன்றைய வாசகர் சிறுவர் கதைகளின் சிறகுடைய பெண்ணை எண்ணுவர். அதுவோ மலைக்கும் மரத்துக்கும் உரிய தெய்வம். ‘நுனோ சா புன்சோ’ என்பது புற்றில் உறையும் முதியவர். ‘நுனோ’ என்பதன் பொருள் பாட்டன், முன்னோன். அவ்வழிச் செல்வோர் ‘தாபி தாபி போ’ என விலகி வழிவிடுமாறு பணிவுடன் வேண்டிச் செல்வர். நம் புற்று வழிபாட்டோடு இடம் ஒத்திருப்பினும், அங்கு உறைவது நாகம் அன்று, முன்னோன் என்னும் வேறுபாடே அம்மக்களின் நிலவுரிமை உணர்வை விளக்குவது. மூலச்சொல்லை அப்படியே வழங்கி விளக்கம் தருவதே தக்கது.

மூன்றாவது, பாடத்தை நிகழ்த்துதலிலிருந்து பிரிக்காமை. இஃபுகாவ் மக்களின் ‘ஹுட்ஹுட்’ இருநூறுக்கும் மேற்பட்ட கதைகளைக் கொண்டது. விதைப்பு, அறுவடை, துக்கக் கூடுகை ஆகிய வேளைகளில் பாடப்படுவது. தலைமைப் பாடகர் பெரும்பாலும் முதிய பெண். மரானாவ் மக்களின் ‘தராங்கென்’ 17 பகுதிகளும் 72,000 அடிகளும் கொண்ட காப்பியம். இவ்விரண்டும் 2008இல் யுனெஸ்கோவின் அருவ மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் கையால் அறுவடை குறையும்போது அறுவடைப் பாடலின் களமும் குறைகிறது. அச்சிட்ட பாடம் எஞ்சும். எப்போது, யாருக்காகப் பாடினர் என்னும் அறிவு பதிவின்றி மறையும்.

8. நிறைவுரை

மூலத் திறனாய்வு தொன்மத்தை வறிதாக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. பிலிப்பைன்ஸ் சான்றுகள் அதற்கு மாறானவை. ஒரே தெய்வக் குடும்பம் என்னும் ஓவியத்தை விலக்கியதும், விடிவெள்ளியை மட்டும் பெயரிட்டு அழைத்தோரும், பிரம்புப் பந்தால் மணமகனைத் தேர்ந்தோரும், புற்றருகே பாட்டனிடம் வழி கேட்போரும் தனித்தனியே நம் பார்வைக்கு வருகின்றனர். பிளாசென்சியாவின் பட்டியலில் குற்றவாளியாக நிறுத்தப்பட்ட காத்தலோனான், அறுவடையும் நோயும் இறப்பும் கண்ட ஊரின் அறிவாளியாகத் தெரிகிறார். பிறநாட்டு மக்களின் நம்பிக்கைகளைத் தமிழுக்குக் கொணரும் நாம், அவர்களைப் பற்றி முன்னர் எழுதியோரின் அச்சத்தையும் ஆசையையும் சேர்த்துக் கொணராதிருத்தல் அம்மக்களுக்குச் செலுத்தும் குறைந்தளவு மதிப்பாகும். அதுவே ஒப்பியல் ஆய்வின் முதற்கடமை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.